கல்லூரிக்கும் கச்சேரிக்கும் இடையில்

திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கும் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து அரசுத் தலைமைச் செயலகத்துக்கு நடந்தே போய்விடலாம். இரண்டும் ஒரே சாலையில், சில ஆண்டு இடைவெளியில் எழுந்த கட்டடங்கள். செயலகத்தை வடிவமைத்தவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டன். 1869இல் அது திறக்கப்பட்டபோது அதற்கு ஹஜூர் கச்சேரி என்று பெயர். பழைய கச்சேரி கோட்டைக்குள் இருந்ததால் ஊரார் இதைப் புத்தன் கச்சேரி என்றார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஊரில் கல்லூரிக்கு வந்த இளைஞர்களின் நாளைப் படிப்பு, பழக்கம், பிழைப்பு ஆகிய மூன்றும் பங்குபோட்டுக்கொண்ட வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சிறு தூரத்துக்குள் நடந்திருக்கிறது.

தொடக்கம் ஒரு பள்ளிக்கூடம். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ஜான் ராபர்ட்ஸைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் பள்ளி தொடங்கச் செய்தார். விரைவிலேயே அது கட்டணமில்லாத ராஜா பள்ளி ஆயிற்று. அரசர் கலைப்பிரியர், வானாய்வுக்கூடம் கட்டியவர்; ஆனாலும் பள்ளியின் தேவை வேறு இடத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் ரெசிடெண்டோடும் சென்னை அரசோடும் கடிதம் எழுத ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள். திவான் டி. மாதவராவின் காலத்தில் இந்தத் தேவை பல மடங்கு பெருகியது. அவரே சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்று, இளவரசர்களுக்கு ஆசிரியராகத் திருவிதாங்கூருக்கு வந்து, திவான் பதவிவரை உயர்ந்தவர். வருவாய், நீதி, பொதுப்பணி என்று துறைகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். துறை ஒவ்வொன்றுக்கும் படித்த அலுவலர்கள் தேவைப்பட்டார்கள். 1866இல் பள்ளி உயர்ந்து மகாராஜா கல்லூரி ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. முதல் பிரின்சிபால் ஜான் ராஸ்.

முதல் தலைமுறை மாணவர்களுக்கு எதிர்காலம் பற்றிய குழப்பம் குறைவு. பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள், பதவிகளோ காத்திருந்தன. கல்லூரியின் தொடக்ககாலப் பட்டதாரிகளில் ஒருவரான வி. நாகமய்யா சர்க்கார் உத்தியோகத்தில் நுழைந்து திவான் பேஷ்கார் வரை உயர்ந்தார். சமஸ்தானத்தின் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 1875இல் நடத்தியவரும், 1906இல் மூன்று தொகுதிகளாக வந்த திருவிதாங்கூர் மாநிலக் கையேட்டை எழுதியவரும் அவர்தான். பட்டம் பெற்றவனுக்கு வேறு ஒரு வழியும் இருந்தது. 1875இல் சட்டக் கல்லூரி தொடங்கியதும், கச்சேரி கிடைக்காதவன் கோர்ட்டுக்குப் போகலாம் என்றாயிற்று. நெடுங்காலம் திருவனந்தபுரத்து மாணவனின் தொழில் தேர்வு இந்த இரண்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

பழக்கத்துக்கான இடங்கள் மெல்லத்தான் உருவாயின. ஊரிலிருந்து வந்த பையன் உறவினர் வீட்டிலோ தன் சாதியார் வாழும் தெருவிலோ தங்கினான். எங்கே உண்பது, யாரோடு உட்காருவது என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவுசெய்திருந்தது. வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்தவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே ஆசிரியரைக் கேட்டது வகுப்பறையில்தான். அந்த அளவில் கல்லூரியின் சமூகப் பணி அதன் பாடத்திட்டத்தைவிடப் பெரியது. 1829இலேயே தொடங்கப்பட்ட பொது நூலகம் இன்னொரு சந்திப்பிடம். அதன் இப்போதைய கட்டடம் விக்டோரியா ராணியின் வைரவிழா நினைவாக எழுந்து 1900இல் திறக்கப்பட்டது.

இந்தக் கல்லூரி உருவாக்கிய மாணவர்களில் தமிழ் வாசகர் நன்கு அறிந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். 1876இல் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. தேறினார். தத்துவம் கற்பித்த ராபர்ட் ஹார்வி அவருக்கு ஆசிரியரும் வழிகாட்டியுமானார். பட்டம் பெற்றதும் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியப் பணிக்குப் போனார். பின்பு திருவனந்தபுரத்துக்குத் திரும்பி எம்.ஏ. முடித்துத் தத்துவம் கற்பித்தார். 1882இல் அரசு அவரைக் கல்லூரியிலிருந்து கச்சேரிக்கு அழைத்தது. நிலவரி அல்லாத பிற வருவாய்களைக் கவனிக்கும் உயர் பதவி அது. அதிகாரமும் மதிப்பும் உள்ள அந்த நாற்காலியில் ஏறக்குறைய மூன்றாண்டு இருந்தார். ஹார்வி விலகி இடம் காலியானபோது, 1885இல், கல்லூரிக்கே திரும்பிவிட்டார்.

அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் இது அரிய முடிவு. எல்லோரும் கல்லூரியிலிருந்து கச்சேரிக்குப் போனார்கள். அவர் கச்சேரியிலிருந்து கல்லூரிக்கு வந்தார். அதே 1885இல் நகரில் சைவப் பிரகாச சபை அவருடைய முயற்சியால் தொடங்கியது. கல்லூரி முடிந்த மாலை நேரத்துக்கு அங்கே பேச்சும் விவாதமும் கிடைத்தன. 1891இல் மனோன்மணீயம் அச்சேறியது. லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றை மூலமாகக் கொண்ட அந்த நாடகத்தின் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் தமிழ்த் தெய்வ வணக்கப் பகுதிதான் 1970இல் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்தாக அறிவிக்கப்பட்டது. திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றிய கல்வெட்டாய்வு, திருஞானசம்பந்தரின் காலம் பற்றிய ஆய்வு ஆகியவையும் இந்த ஆண்டுகளின் விளைச்சல். ஆசிரியருக்கு நன்றியாகத் தம் வீடு இருந்த இடத்துக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். 1897இல், 42 வயதிலேயே மறைந்தார்.

1892 டிசம்பரில் விவேகானந்தர் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது, இளவரசர் மார்த்தாண்ட வர்மாவின் ஆசிரியரான கே. சுந்தரராம ஐயர் வீட்டில் தங்கினார். அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த இளவரசரும் அவரைச் சந்தித்துப் பேசினார். மாலையில் நகரின் கிளப்பில் வேதியியல் பேராசிரியர் ரங்காசாரியாரும் சுந்தரம் பிள்ளையும் அவரோடு உரையாடினார்கள். பேராசிரியர், மாணவர், அதிகாரி, துறவி எல்லோரும் ஒரே மாலையில் ஒரே கூடத்தில் உட்காரும் அளவுக்கு அந்த நகரின் படித்த வட்டம் சிறியது. அதற்குள் நுழைந்தவர்களுக்கு அது பெரும் பேறு. வெளியே நின்றவர்களின் கதையையும் சொல்லவேண்டும்.

ஜி. பரமேஸ்வரன் பிள்ளை 1880களில் மகாராஜா கல்லூரி மாணவர். திவான் ராமய்யங்காரின் ஆட்சியைக் கண்டித்துப் பத்திரிகைகளில் எழுதினார். எழுதியது யார் என்று தெரிந்ததும் அவரும் தோழர்கள் இருவரும் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். சென்னைக்குப் போய் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பின்னாளில் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு பத்திரிகையின் ஆசிரியராகி இந்திய அளவில் அறியப்பட்டார். படிக்கும் காலத்தில் பொதுவாழ்வில் இறங்கினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைத் திருவிதாங்கூரில் முதலில் அறிந்த மாணவர்களில் அவர் ஒருவர். விலை கொடுத்தும் பின்வாங்கவில்லை. 1891 ஜனவரியில் மூலம் திருநாள் மகாராஜாவிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று அளிக்கப்பட்டது. மலையாளி மெமோரியல் என்று வரலாற்றில் பெயர்பெற்ற அதை முன்னின்று நடத்தியவர்களில் பரமேஸ்வரன் பிள்ளைக்குப் பெரும்பங்கு உண்டு. கே.பி. சங்கர மேனோன் முதல் கையெழுத்திட்டார்.

விண்ணப்பத்தின் உள்ளடக்கம் வேலைதான். சமஸ்தானத்தின் உயர் பதவிகளில் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களே அமர்த்தப்படுகிறார்கள். மண்ணில் பிறந்து இங்கேயே படித்த நாயர், ஈழவர், சிரியன் கிறிஸ்தவ இளைஞர்களுக்கு இடமில்லை என்பது குறை. தமிழ் வாசகருக்கு இந்தப் பக்கம் சற்றுச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் குறை உண்மையானது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பட்டதாரிகளைத் தேடிக்கொண்டிருந்த கச்சேரி, இப்போது பட்டதாரிகளுக்குப் போதவில்லை.

அந்த 1891ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மனோன்மணீயம் வந்தது அந்த ஆண்டில். மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலான மார்த்தாண்ட வர்மா வெளியானதும் அந்த ஆண்டில்தான். அதை எழுதிய சி.வி. ராமன் பிள்ளையும் மகாராஜா கல்லூரியில் ராஸிடமும் ஹார்வியிடமும் படித்தவர், 1881இல் பி.ஏ. தேறி அரசு வேலையில் இருந்துகொண்டே எழுதியவர். மெமோரியலுக்குப் பின்னணியில் உழைத்தவர். தமிழில் ஒரு நாடகம், மலையாளத்தில் ஒரு நாவல், வேலை கேட்டு ஒரு பெருவிண்ணப்பம் ஆகிய மூன்றும் ஒரே கல்லூரியின் வகுப்பறைகளில் பழகியவர்களிடமிருந்து வந்தன. பாடத்தில் கிடைத்த ஆங்கில இலக்கியமும், மாலைநேரச் சபைகளில் கிடைத்த தோழமையும், உத்தியோகம் பற்றிய ஏக்கமும் தனித்தனியாக இயங்கவில்லை. ஒன்று மற்றொன்றை உந்தியது.

மெமோரியலில் கையெழுத்திட்டவர்களில் டாக்டர் பல்புவும் ஒருவர். ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கப்பட்டவர். சென்னையில் படித்துத் திரும்பியபோது வேலையும் மறுக்கப்பட்டது. மைசூர் சமஸ்தானம் அவரை ஏற்றுக்கொண்டது. விண்ணப்பத்துக்குப் பின்னும் ஈழவர் நிலை மாறாததால், 1896இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் மெமோரியலை அவர் தலைமையேற்று அளித்தார். படிப்பில் தேறுவது ஒருவனுடைய முயற்சி. அதற்குப் பின் எந்தக் கதவு திறக்கும் என்பது பிறப்பு என்ற நிலை மாற அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

உள்ளே இடம் கிடைத்தவர்களிடையே ஒரு வாழ்க்கைமுறை நிலைபெற்றது: பகலில் கச்சேரி, மாலையில் கலை. டி. லட்சுமண பிள்ளை தத்துவம் படித்துக் கருவூல அதிகாரியாகப் பணியாற்றியபடியே தமிழில் ஏராளமான கீர்த்தனைகள் இயற்றினார். தமிழ் முன்னோரின் வழிவந்த உள்ளூர் எஸ். பரமேஸ்வர ஐயர் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1897இல் பி.ஏ. முடித்து வேலைக்குச் சேர்ந்த அவர், வேலை பார்த்துக்கொண்டே 1905இல் தமிழிலும் மலையாளத்திலும் எம்.ஏ. பட்டம் பெற்றார். அரசுப்பணியில் படிப்படியாக உயர்ந்தவர், மலையாளத்தின் மூன்று மகாகவிகளுள் ஒருவராகவும் ஆனார். கேரள இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கேரளபாணினி என்று போற்றப்படும் ஏ.ஆர். ராஜராஜ வர்மாவும் இதே கல்லூரியின் மாணவர், பின்பு இதே கல்லூரியின் பேராசிரியர்.

சட்டத்தின் வழியில் போனவர்களிலும் திசை மாறியவர்கள் உண்டு. எஸ். வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து அங்கேயே ஏழாண்டுக் காலம் வக்கீலாக இருந்தார். வழக்குக் கட்டுகளைவிட ஏடுகளிலும் தமிழ் நண்பர்களின் பேச்சிலும் மனம் தோய்ந்தது. 1922இல் அவர் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியரானார். ஒரு தொழிலில் பொருந்தாத இளம் வக்கீலின் மாலைநேர ஆர்வம், தமிழின் மிகப் பெரிய அகராதிக்கு ஆள் தந்தது. 1951இல் அதே திருவனந்தபுரத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக அவர் திரும்பிவந்தது இந்தக் கதையின் அழகான வளைவு.

பெண்களுக்கான கல்லூரி வகுப்புகள் 1897இல் தொடங்கின. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பின்னாளில் பணியாற்றிய பெண்கள் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் பி.ஏ. படிக்க விரும்பிய பெண் ஆண்களின் மகாராஜா கல்லூரிக்குத்தான் போகவேண்டியிருந்தது. மேரி புன்னன் அங்கே சேர்ந்தபோது அவர் ஒருவரே மாணவி. மருத்துவராகும் எண்ணத்தோடு அறிவியல் கேட்டார். பெண் என்பதால் மறுத்து வரலாற்றுப் பாடம் தந்தார்கள். 1909இல் பட்டம் பெற்று, லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். மேரி புன்னன் லூக்கோஸ் என்ற பெயரில் சமஸ்தானத்தின் மருத்துவத் துறைத் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். கல்லூரி தர மறுத்த பாடம் அவருடைய வாழ்க்கைத் தொழிலாயிற்று என்பதை அந்தக் கல்லூரியின் வரலாற்றில் மறக்கக் கூடாது.

அன்னா சாண்டி 1926இல் சட்டம் முடித்தார். திருவிதாங்கூரில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1928இல் நகரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில், பெண்களுக்கு அரசு வேலை கூடாது என்று வாதிட்ட டி.கே. வேலுப் பிள்ளைக்கு மேடையிலேயே மறுப்பு உரைத்தார். மணமான பெண் வேலைக்குப் போனால் குடும்பம் கெடும் என்பது போன்ற வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தகர்த்த அந்த உரை பரவலாகப் பேசப்பட்டது. 1937இல் முன்சீப் ஆனார். 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். படிப்புக்கும் வேலைக்கும் இடையே குடும்பம் என்ற மூன்றாவது கணக்கும் பெண்கள் தலையில் மட்டும் ஏற்றப்பட்டிருந்ததை ஊரறியச் சொன்னவர் அவர்.

1920களில் கூட்டம் பெருகியது. 1922இல் திவான் ராகவய்யா கல்விக் கட்டணத்தை உயர்த்தியபோது திருவனந்தபுரத்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. சமஸ்தானத்தின் முதல் பெரிய மாணவர் போராட்டம் அது. 1924இல் மகாராஜா கல்லூரி கலைக் கல்லூரி, அறிவியல் கல்லூரி என இரண்டாகப் பிரிந்தது. 1928இல் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. பட்டம் பெற்றவன் வேலையின்றி இருப்பான் என்பது அதுவரை வீட்டுக் கவலை. அறிக்கைக்குப் பின் அரசின் கவலை. 1930களில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் சமூகத்தார் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டத்தின் விளைவாக, அரசுப் பணி நியமனங்களைக் கவனிக்க 1936இல் அரசுப்பணி ஆணையராக ஜி.டி. நோக்ஸ் அமர்த்தப்பட்டார். தெரிந்தவர் மூலம் நுழையும் வழி சுருங்கி, தேர்வெழுதி நுழையும் வழி திறக்கத் தொடங்கியது.

1937 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் பிறந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா வேந்தர், சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் துணைவேந்தர். தொழில்நுட்பக் கல்விக்கு முதன்மை தருவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. 1939இல் பொறியியல் கல்லூரி தொடங்கியது. 1940இல் பல்கலைக்கழக விளையாட்டரங்கம் உருவானது. கச்சேரியும் கோர்ட்டும் மட்டுமே தெரிந்த ஊருக்கு மூன்றாவது வழி கிடைத்தது. பிரிந்த கலை, அறிவியல் கல்லூரிகள் 1942இல் மீண்டும் இணைந்து பல்கலைக்கழகக் கல்லூரி ஆயின.

அந்தக் கல்லூரியில்தான் கே.ஆர். நாராயணன் ஆங்கில இலக்கியம் படித்தார். உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்குப் பல மைல் நடந்து, உதவித்தொகையால் கல்லூரிக்கு வந்தவர். 1943இல் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவராகத் தேறினார். அந்தத் தகுதிக்கு இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய விரிவுரையாளர் வேலை மறுக்கப்பட்டது. குமாஸ்தா வேலை தருவதாகச் சொன்னார்கள். அவர் அதை ஏற்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் பட்டத்தையும் வாங்கவில்லை. டெல்லிக்குப் போனார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார், டாட்டா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார், 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், துணைக் குடியரசுத் தலைவராகத் திருவனந்தபுரத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். பல்புவுக்கு நேர்ந்தது அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தொடர்ந்தது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று வேண்டியதில்லை.

தமிழ்ப் பேசும் நாஞ்சில் நாட்டு மாணவர்களுக்குத் திருவனந்தபுரம் நெடுங்காலம் இயல்பான கல்லூரி நகரம். 1938 பிப்ரவரியில் தொடங்கிய சமஸ்தானப் போக்குவரத்தின் முதல் தடமே திருவனந்தபுரம்–கன்னியாகுமரி. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னும் மாணவர் வரவு நின்றுவிடவில்லை. நாஞ்சில் நாடன் முதுகலைக் கணிதம் படித்தது இங்கே மகாத்மா காந்தி கல்லூரியில். 1979இல் நாகர்கோவில் வழியாக ரயில் வந்தபின், காலையில் வந்து மாலையில் திரும்புவது எளிதாயிற்று. வி.ஐ. சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரியிலிருந்து வந்து, பல்கலைக்கழகத் தமிழ்த் துறையையும் பின்பு மொழியியல் துறையையும் வளர்த்தார். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர் அவரே.

1949இல் தொடங்கிய மார் இவானியோஸ் கல்லூரியில் டி.கே. துரைசாமி என்ற ஆங்கிலப் பேராசிரியர் பல்லாண்டு பணியாற்றினார். தமிழ் இலக்கியத்தில் அவர் நகுலன். கோல்ஃப் லிங்க்ஸ் சாலை வீட்டில் அவரைத் தேடிவந்த இளைஞர்களுக்கு அது இன்னொரு கல்லூரியாக இருந்தது. 1968இல் அவர் தொகுத்த குருக்ஷேத்திரம், அந்த நகரத்துத் தமிழ் நட்பு வட்டத்தின் அடையாளமாக நிற்கிறது. அந்த வட்டத்தைச் சேர்ந்த நீல. பத்மநாபன் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் படித்து மின்வாரியப் பொறியாளரானவர். வேலைக்கு நடுவே 1968இல் தலைமுறைகள், 1970இல் பள்ளிகொண்டபுரம் என்ற நாவல்களைத் தந்தார். உள்ளூர் பரமேஸ்வர ஐயர் கச்சேரியில் இருந்து செய்ததை அவர் மின்வாரியத்தில் இருந்து செய்தார். அடிப்படை ஒன்றே: சோற்றுக்கு ஒரு வேலை, உயிருக்கு ஒரு எழுத்து, இரண்டையும் தாங்க ஒரு நண்பர் கூட்டம்.

கேரள மாநிலம் உருவானதும் சர்க்கார் வேலைக்கான வழி முழுக்க அரசுப்பணித் தேர்வாணையமான பி.எஸ்.சி. நடத்தும் தேர்வாயிற்று. பட்டதாரிகளின் எண்ணிக்கை பதவிகளை மிஞ்சிக்கொண்டே போனது. பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1970களின் தொடக்கத்தில் நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவினார். அது 1975இல் ஐக்கிய நாடுகள் சபைக்காக வெளியிட்ட கேரள ஆய்வு, கல்வியில் முன்னேறிய மாநிலத்தில் வேலையின்மையும் பெருத்திருப்பதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. வேலை கிடைக்காத பட்டதாரிகள் சேர்ந்து நடத்திய பேரலல் காலேஜ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கல்லூரியில் இடம் கிடைக்காதவனுக்கு வேலை கிடைக்காதவன் பாடம் நடத்தினான். ரேங்க் லிஸ்டில் பெயர் வரும்வரை பலருக்கு அதுவே பிழைப்பு. வளைகுடாவுக்குப் போன விமானம் வேறு சிலருக்கு விடை.

காத்திருந்த ஆண்டுகள் வெறுமையாகப் போகவில்லை. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் சித்ரலேகா திரைப்படக் கழகத்தைத் தொடங்கியதும், உலக சினிமா மாணவர்களின் பேச்சில் நுழைந்தது. இந்தியன் காபி ஹவுஸ் மேசைகளில் ஒரு காபிக்கு ஒரு மாலை முழுதும் அரசியலும் இலக்கியமும் பேசலாம். தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய வட்டக் கோபுரக் காபி ஹவுஸ் பின்னால் வந்தது. 1970 டிசம்பரில் இந்திய மாணவர் சங்கம் தன் முதல் அகில இந்திய மாநாட்டை நடத்தி உருவானது இந்த நகரில். கல்லூரித் தேர்தல்களும் ஊர்வலங்களும் பலரைப் பொதுவாழ்வுக்குத் தந்தன. வகுப்பு நாட்களையும் தின்றன. லிங்டோ குழு 2006இல் மாணவர் தேர்தலில் நிற்பவருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. படிப்புக்கும் பொதுவாழ்வுக்கும் இடையே ஒரு கோடு எண்ணிக்கையாக எழுதப்பட்டது.

வேலையின் திசை 1990இல் மாறியது. நகரத்தின் வடக்கே கழக்கூட்டத்தில் வைத்தியன்குன்று என்ற மேட்டில், கேரளப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் அதற்கு அருகில். குளத்தூருக்கு இடம்பெயர்ந்திருந்த பொறியியல் கல்லூரியும் தொலைவில் இல்லை. 1860களில் பாளையத்தில் கல்லூரியும் கச்சேரியும் நெருங்கி அமைந்ததுபோல, ஏறக்குறைய 120 ஆண்டுகள் கழித்துப் புதிய வளாகமும் புதிய வேலையிடமும் நெருங்கி அமைந்தன. இந்த முறை வேலை கொடுத்தது சர்க்கார் அல்ல. 2012இல் மாநில அரசு, தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு வருகைப்பதிவில் 20 சதவீதச் சலுகையும் 4 சதவீத கருணை மதிப்பெண்ணும் தரும் கொள்கையை அறிவித்தது. பத்திரிகையில் எழுதியதற்காக மாணவரை நீக்கிய நகரத்தில், வகுப்புக்கு வராமல் கம்பெனி நடத்துபவருக்கு மதிப்பெண் கிடைத்தது.

பி.எஸ்.சி.யின் ஈர்ப்பு இதனால் குறைந்துவிடவில்லை. கிளார்க் தேர்வு அறிவிப்பு வந்தால் பொது நூலகத்திலும் பயிற்சி மையங்களிலும் பொறியியல் பட்டதாரிகளும் வந்து உட்காருகிறார்கள். நான்கைந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் கேட்க மற்றவர் சொல்லும் கூட்டுப்படிப்பில் நட்பும் பாடமும் பிழைப்பும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. 2024 ஜூலை 1ஆம் தேதி கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டில் பட்டத்தோடு விலகலாம். நான்காம் ஆண்டும் தொடர்ந்தால் ஆனர்ஸ். முதன்மைப் பாடத்தோடு வேறு துறைப் பாடங்களையும் மாணவர் தாமே சேர்த்துக்கொள்ளலாம். திறன்பயிற்சிக்கும் களப்பயிற்சிக்கும் பட்டக் கணக்கிலேயே இடம் உண்டு. அறிவியல் கேட்டு வரலாறு கொடுக்கப்பட்ட மேரி புன்னன் பட்டம் பெற்று அப்போது 115 ஆண்டுகள் ஆகியிருந்தன.